மவுஸுக்கு முழுப்பேர்

ஞாயிறு, ஜூலை 14. மஸ்கெலியா.

விளையாட்டில் சுடும்போது குறி இழுத்து இழுத்து நகர்கிறதென்று, லினக்ஸில் 'மவுஸ்போல்' எண்ணை, அதாவது எத்தனை மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை மவுஸைக் கேட்பதென்ற எண்ணை, ஒன்றாக்கினேன். தேயிலைத் தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூடும் காலைப் பெரட்டில் கங்காணி பேர் கூப்பிடுவதுபோல, கணினி இனிச் செக்கனுக்கு ஆயிரம் தடவை மவுஸைக் கூப்பிடும்.

சாயந்திரம் கத்தாரில் வேலைசெய்யும் என் வீட்டுக்காரர் ஆன்லைனில் என்னோடு விளையாட வந்தார். குறி துளியும் தடுமாறவில்லை.

"இன்னைக்கு ஒன் மவுஸ் தூங்கலயே, என்னா செஞ்ச?" என்றார்.

சொல்லத் தொடங்கினேன். "டியூட்டிக்குக் கூப்புடுறாங்க, போயிட்டு வர்றேன்" என்று போய்விட்டார். ஒரே ஆட்டம்.

பாதி நாளில் கொழுந்து மலையிலிருந்து இறங்கினால் தோட்டத்தில் அரைப்பேர்தான் விழும், அரைநாள் கூலி. மனதுக்குள் அவருக்கும் அரைப்பேர் போட்டேன்.

கணினியை இன்னும் அணைக்கவில்லை. கூப்பிடும்போதெல்லாம் மவுஸ் மட்டும் 'இருக்கேன்' என்கிறது.