ஆதிப்புள்ளி தெரியாத ஏழு அயனிகள்

14-11-1983, திங்கள்.

காலை முதல் தூறல். சிமெண்டுத் தூசி ஏறிய கொடித்துணிகள் சேறாயின. மீண்டும் துவைக்க வேண்டும்.

ஆய்விதழிலிருந்து எங்கள் கட்டுரை திரும்பியுள்ளது. மதிப்பீட்டாளரின் கேள்வி ஒரே வரி: ஏழு அயனிகளின் இருமுனைத் திருப்புத்திறன் எந்த ஆதிப்புள்ளியைக் கொண்டு கணக்கிடப்பட்டது?

தெரியாது. கணக்கிட்டவர் கரீம். கல்லூரியில் அவர் இயற்பியல் ஆசிரியர், நான் வேதியியல். ஓய்வு பெற்றபின் இருவரும் சேர்ந்து செய்த ஒரே வேலை. சென்னைக்குப் போய்க் கணிப்பொறிக்குத் துளை அட்டைகளைக் கொடுத்து விடை வாங்கி வந்தவர் அவர். 2-5-1983 அன்று மாரடைப்பில் காலமானார். கட்டுரையில் அவர் பெயர் முதலாவது. அவர் வீட்டாரிடமும் அப்படியே சொல்லியிருக்கிறேன்.

15-11-1983, செவ்வாய்.

மழை. பால் நீர்த்திருந்தது, சொன்னேன், பயனில்லை.

கேள்வி நியாயமானது. இருமுனைத் திருப்புத்திறன் என்பது மின்சுமை ஒரு பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதன் அளவு. மின்சுமையற்ற மூலக்கூறாயின் எங்கிருந்து அளந்தாலும் ஒரே விடை. மின்சுமையுள்ள அயனிக்கு அப்படியன்று, அளக்கத் தொடங்கும் ஆதிப்புள்ளி நகர்ந்தால் விடையும் நகரும். தொடங்கிய இடத்தைச் சொல்லாத எண்ணுக்குப் பொருளில்லை. எங்கள் அட்டவணை முழுவதும் அத்தகைய எண்கள்.

மறுபடி கணக்கிட வழியில்லை. சென்னையில் கணிப்பொறி நேரம் கிடைத்தது கரீமின் பழக்கத்தால். அணுக்களின் இருப்பிடம் பதிந்த அவருடைய அட்டைகள் கிடைத்தால் போதும், ஆதி தெரிந்துவிடும்.

17-11-1983, வியாழன்.

லெப்பைக்குடிக்காடு, கரீமின் ஊர். பெரம்பலூரில் பஸ் மாறும்போது குடைக்கம்பி ஒன்று முறிந்தது.

கரீமின் தம்பி சுலைமான், மளிகைக் கடையில்.

"வாங்க சார். அட்டையா? அண்ணன் மவுத்தானப்புறம் கடைக்குத் தூக்கியாந்துட்டேன். ஓட்டை அட்டை, வேற எதுக்கு ஆவும்? விலை எழுதி மூட்டையில குத்திட்டேன்."

துவரம்பருப்பில் ஒன்று. கடலையில் ஒன்று. பருப்பு வாங்க வந்தவர்: "ஏன் பாய், அட்டையையே பூச்சி இப்படி அரிச்சிருக்கே, பருப்பு தேறுமா?" சுலைமான்: "அது கம்பியூட்டர் அரிச்சது. நீ காசை எடு."

எஞ்சியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அணுக்களின் இருப்பிடத்தைக் குறிப்பவை ஒன்றுகூட இல்லை. மற்றவை நனைந்து குப்பைக்குப் போயினவாம்.

வீட்டில் கரீமின் மனைவி திரைக்குப் பின்னிருந்து பேசினார். அட்டைகளை எப்படி அடுக்குவார் என்று கேட்டேன்.

"பாய்ல பரப்பி வெச்சுக்கிட்டு, சின்னதெல்லாம் முன்னாடிம்பாங்க சார். விருந்துலகூட பிள்ளைங்களுக்குத்தான் முதல் சகன் தட்டு வைக்கச் சொல்லுவாங்க. அதே பழக்கம். துபாய்லேருந்து மகன் எழுதியிருக்கான் சார், அத்தா பேரு எப்ப அச்சுல வருதுன்னு."

விரைவில் என்றேன்.

19-11-1983, சனி.

மழை விட்டது. புழுக்கம். மூக்குக்கண்ணாடி இருமுறை மங்கியது.

சின்னது முன்னால் என்றால், அணுக்களில் சிறியதான ஹைட்ரஜனின் அட்டை முன்னால். அம்மோனியத்தில் சோதித்தேன். அட்டவணையில் 4.94 டிபை. நைட்ரஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் உள்ள தூரத்தை மின்சுமையால் பெருக்கினால் அதே எண். ஐயமில்லை: முதல் அட்டையின் அணுவையே ஆதியாகக் கொண்டிருக்கிறார். எழுந்து நின்றுவிட்டேன். சொல்ல அறையில் ஒருவருமில்லை.

பிறகு மற்ற ஆறு. மெத்தில் அம்மோனியம்: கார்பனில் மூன்று ஹைட்ரஜன், நைட்ரஜனில் மூன்று. எதை முதலில் வைத்தார்? எல்லாம் ஒரே அளவு சின்னது, கையால் சரிபார்க்க அம்மோனியத்தின் சமச்சீரும் இல்லை. மற்ற ஐந்திலும் இதே முட்டு. ஊகத்தை அட்டவணையில் ஏற்றுவது என் வழக்கமன்று.

தேறியது அம்மோனியம் ஒன்றே. முறைப்படி அதன் பொருண்மை மையத்தை ஆதியாகக் கொண்டால் விடை பூஜ்யம். சமச்சீர் அயனி, கணிப்பொறியே வேண்டாம், மாணவனும் சொல்வான்.

21-11-1983, திங்கள்.

வெயில். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதிய கடிதம், பெரம்பலூர் நிலையத்தருகேயுள்ள தபால் பெட்டியில். உறை உள்ளே விழுந்ததா என்று தட்டிப் பார்த்தேன். நேரில் சொல்வதே முறை என்று அங்கிருந்து லெப்பைக்குடிக்காடு, கரீமின் வீட்டுக்கு. சுலைமானும் இருந்தார்.

ஏழில் ஆறு போயிற்று, மிஞ்சியதும் பூஜ்யம் என்றேன்.

சுலைமான்: "அண்ணன் அவ்வளவு அலைஞ்சதுக்கு சைபரா சார்?"

திரைக்குப் பின்னாலிருந்து கரீமின் மனைவி: "அந்த சைபர் சரிதானே சார்?"

"சரி."

"அப்ப அதை மட்டுமாச்சும் அவங்க பேரு போட்டு வரச்சொல்லுங்க. மகனுக்கு அது போதும்."

தேநீர் வந்தது. குடித்தேன். பெரம்பலூர்ப் பெட்டியின் முதல் தபால் கட்டு, திரும்பப் பெறும் என் கடிதத்தோடு, அதற்குள் போயிருக்கும்.