நாலு பேருக்கான பொயிலர்

அன்பான இஞ்சாருங்கோ,

உயிரோடு இருந்தபோது உங்களை வேறு எந்தப் பெயராலும் நான் கூப்பிட்டதில்லை. கடிதத்திலும் அதுவே இருக்கட்டும். நீங்கள் போன பிறகு வருகிற இரண்டாவது குளிர்காலம் இது. கடை ஓடுகிறது. மிளகாய்த்தூள் விலை ஏறிவிட்டது என்று சனம் முறைப்பட்டுக்கொண்டே வாங்குகிறது. ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. வீட்டைச் சூடாக்கும் உங்கள் பொயிலர் நின்றுவிட்டது.

கார்த்திகை விளக்கீட்டுக்கு மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு வந்து கதவைத் திறந்தால், வெளியே இருந்த குளிர்தான் உள்ளேயும். பேஸ்மென்றுக்கு இறங்கினேன். அந்தப் பழைய பச்சைப் பெட்டி காலடியில் தண்ணீர் கசிந்தபடி பேசாமல் நின்றது. நீங்கள் செய்வதுபோலப் பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தேன். நீங்கள் தட்டினால்தான் கேட்குமாக்கும்.

றிச்மண்ட் ஹில்லில் இருந்து மகன் போன் எடுத்தான்.

“அம்மா, இப்போதைக்கு றிப்பெயார் பண்ணுங்கோ. ஸ்பிரிங்கில வீட்டை வித்துப்போட்டு இஞ்ச வாங்கோ. விக்கப்போற வீட்டுக்கு ஏன் புதுசு?”

“அங்க வந்து நான் என்ன செய்யிறது?”

“ஒண்டும் செய்ய வேண்டாம். சும்மா இருங்கோ.”

“சும்மா இருக்கிற வேலை எனக்குத் தெரியாது தம்பி.”

சிரித்துவிட்டு வைத்தான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் எனக்கு விளங்கிவிட்டது. பழசைத் திருத்தினால் நான் வீட்டை விட்டு வெளிக்கிடுகிறேன் என்று அர்த்தம். புதிது போட்டால் இங்கேயே கிடக்கப்போகிறேன் என்று அர்த்தம்.

யாவாரக் கணக்குப்படி அவன் சொல்வதுதான் சரி. கடையில் பெரிய பிரிட்ஜ் பழுதானபோது எவ்வளவு நேரம் யோசித்தேன்? அன்றைக்கே முடிவெடுத்தவள்தானே. இப்போது மட்டும் சின்னக் கரண்ட் ஹீற்றரை அடுப்படியில் வைத்துக்கொண்டு, கோட்டும் போட்டுக்கொண்டு, ஒரு முடிவும் எடுக்காமல் இருந்தேன்.

ராசனைக் கூப்பிட்டேன். எங்களிடம் ஒடியல்மா வாங்க வருவானே, ஹீற்றிங் வேலை செய்கிறவன், அவனைத்தான். மேலே கீழே எல்லாம் போய் அறைகளைச் சூடாக்கும் றேடியேற்றர்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான்.

“என்ன அன்ரி, மேல் அறையள் எல்லாம் பூட்டிக் கிடக்கு?”

“ஆர் இருக்கினம்? ஆளில்லாத அறைக்கு ஏன் சூடெண்டு நான்தான் பூட்டினனான்.”

“அதுதான் பிழை. இது வீடு முழுக்கச் சூடாக்கிற சாமான். ஒரு அறைக்கு விட்டால் நெருப்புப் பத்தும், நிக்கும், பத்தும், நிக்கும். ஓடிக் களைக்கேல்லை அன்ரி. வேலை இல்லாமல்தான் போச்சு.”

மிச்சம் பிடிக்கிறேன் என்று நான் செய்த வேலை.

நாங்கள் முதலில் இருந்த சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் குடியிருப்பில் இருந்து வெளிக்கிட்ட மற்றவர்கள் ஸ்காபரோவில் புது வீடு பார்த்தபோது, நீங்கள் டான்ஃபோர்த் பக்கம் இந்தக் கிழட்டுச் செங்கல் வீட்டை வாங்கினீர்கள். சப்வே கிட்ட, மேலே அறைகள் நிறைய. ஊரில் இருந்து யார் வந்து இறங்கினாலும் அவர்களின் முதல் குளிர்காலம் எங்கள் வீட்டில்தான். என் தங்கச்சி குடும்பம், உங்கள் சிநேகிதனின் சிநேகிதன், எயார்போட்டில் இருந்து போன் எடுத்த பிறகுதான் பெயரே தெரிந்த மன்னார்க் குடும்பம். விடியற்காலை வேலைக்குப் போகிறவர்களின் சொக்ஸை எல்லாம் றேடியேற்றருக்கு மேலே பரப்பிச் சூடாக்கி வைப்பீர்கள். வாடகை வாங்கவில்லை. நான் புறுபுறுத்தால், “முதல் குளிரைத் தாண்டினால் பிறகு அவை பாத்துக்கொள்ளுவினம்” என்பீர்கள்.

தாண்டினார்கள். மல்வேர்ன், மார்க்கம், ஏஜக்ஸ் என்று ஒவ்வொருவராகப் போனார்கள். உங்கள் செத்தவீட்டுக்கு எல்லோரும் வந்தார்கள், அழுதார்கள், திரும்பிப் போனார்கள். குறை சொல்லவில்லை. குளிரைத் தாண்டியவர்களுக்கு இந்த வீட்டில் இனி என்ன வேலை?

“றிப்பெயார் செய்யலாம்” என்றான் ராசன். “தை மாசத்தைத் தாண்டுமெண்டு மட்டும் என்னட்டைக் கேக்காதையுங்கோ. புதுசெண்டால் சுடுதண்ணியும் அதிலதான் வரும். அதுக்கேத்த சைஸ் போடவேணும். எத்தனை பேர் இருக்கிறியள்?”

சாதாரணக் கேள்வி.

“நாலு பேர்” என்றேன்.

அவன் வாசலைப் பார்த்தான். ஒரு சோடி பூட்ஸ்தான் அங்கே கிடந்தது.

“மற்ற மூண்டு பேரும் வேலைக்குப் போட்டினமோ?”

“இன்னும் வரேல்லை.”

ராசன் அளவுநாடாவை எடுத்தான். சுவரை அளக்கத் தொடங்கினான்.

புதியது சுவரில் தொங்குகிறது, சூட்கேஸ் அளவில். “சத்தமே கேக்காது அன்ரி” என்று பெருமையாகச் சொன்னான். விற்கிறவன் அப்படித்தான் சொல்லவேண்டும். எனக்கு அதுதான் குறை. உங்களுடையது விடியப்புறம் ஒரு இடி இடித்துவிட்டுத் தொடங்கும், பிறகு சுவருக்குள்ளே குழாய்கள் ஒவ்வொன்றாக நெட்டி முறிக்கும். நீங்கள் போன பிறகு எனக்கு விடிந்ததைச் சொன்னது அதுதான். இப்போது சின்ன லைற்றைப் போய்ப் பார்த்துத்தான் எரிகிறதா என்று அறிகிறேன். ஒரு சத்தம் இல்லாமல் போனதற்கும் மனிசர் அழுவார்களா?

மேல் அறை வால்வுகளை எல்லாம் திறந்துவிட்டேன். ‘புதிதாக வந்தவர்களுக்கு அறை உண்டு’ என்று எழுதிக் கடையில் ஒட்டியிருக்கிறேன். படிக்க வந்த பிள்ளை ஒருத்தி வாசித்துவிட்டு வாடகை கேட்டாள். முகத்தைச் சுழிக்காதீர்கள், நான் யாவாரி. சித்திரை பிறந்த பிறகு வாடகை, அதுவரைக்கும் ஒன்றுமில்லை என்றேன். சிநேகிதிகளிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனாள். இன்னும் வரவில்லை. “உங்களுக்கு விசர் பிடிச்சிட்டுது அம்மா” என்கிறான் மகன்.

இருக்கலாம். பின்னேரங்களில் மேலே ஏறிப்போய் ஒவ்வொரு அறையாக நிற்கிறேன். எல்லாம் நல்ல சூடு, ஒருவரும் இல்லை. கடையில் இருந்து புதுச் சொக்ஸ் கொண்டுவந்து றேடியேற்றர்களுக்கு மேலே பரப்பி வைத்திருக்கிறேன். யார் வருவார்களோ தெரியாது. வருகிறவர்களின் கால் குளிர விடமாட்டேன்.

நீங்கள் முதல் குளிருக்குத் திறந்துவைத்த வீட்டை இன்னும் மூடாத உங்கள் மனுசி,
யோகம்