வியோலாக்காரரின் பென்சில்

மொன்றியல்
நவம்பர் 24

அன்புள்ள கஜந்தினிக்கு,

இங்கு நான் சுகம், மகள் சுகம், குசினிச் சுவரில் நீர் ஒட்டிவிட்டுப் போன படத்தில் உள்ள நாலு செக் நாட்டு மீசைக்காரரும் சுகம்.

மூன்று கிழமையில் வருவேன் என்று பிராக் நகருக்குப் போனீர். இது பதினோராவது கிழமை. நூறு வருசத்துக்கு முந்தி வயலினும் வியோலாவும் செல்லோவும் வாசித்த நாலு பேரின் சரித்திரம் எழுத, அவர்கள் வாசித்த காலத்தைவிடக் கூட எடுக்கும் போலிருக்கிறது. போன் எடுத்தாலும் அவர்கள் கதைதான். செல்லோக்காரரின் மூலவியாதி வரை எனக்குப் பாடம். என் பிரஷர் மாத்திரை எங்கே என்று கேட்டால் மட்டும் லைன் வெட்டுப்படுகிறது.

ரக்ஷனா காலையில் அந்தப் படத்துக்கு "பொன்ஜூர் மெஸ்யூ" என்று வணக்கம் சொல்லிவிட்டுத்தான் மெட்ரோவுக்கு ஓடுகிறாள். எனக்குச் சொல்வதில்லை.

நேற்று தெரு மூலையில் உள்ள டெப்பனர் கடையில் பால் எடுக்கும்போது சிவநேசம் அக்கா பிடித்துக்கொண்டா. "என்ன தம்பி, அண்டைக்கு மேடையில நீர் சொன்ன மாதிரி, கஜந்தினி அந்த நாலு புருசன்மாரோடயே இருந்திட்டாவோ?" என்று கேட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தா. ஒன்றுகூடலில் நான் அந்தப் பகிடியை விட்டபோது முந்நூறு பேர் சிரித்தார்கள். நீர் மட்டும் கோட்டும் கையுமாக எழும்பிப் போனீர். அடுத்த கிழமை விமானம். என் பகிடியை அடுத்தவர் வாயால் கேட்டபோது எனக்கு ஒரு சொட்டுச் சிரிப்பும் வரவில்லை. பாலையும் விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நீர் அனுப்பிய நாலு அத்தியாயமும் வாசித்தேன். முதல் வயலின்காரரும் வியோலாக்காரரும் ரயிலில் யன்னல் சீற்றுக்குக் கொளுவிச் சண்டை பிடித்து, ஆறு வருசம் முகம் பார்த்துக் கதைக்கவில்லையாம். ஆனால் தினமும் ஒத்திகை. சொல்ல வேண்டியதை மற்றவரின் இசைத்தாள் ஓரத்தில் பென்சிலால் எழுதினார்களாம்: "மெதுவாக." "உமது சத்தம் கூடிப்போச்சு." "செருமாதையும்." இதென்ன விசர் என்று தனியே இருந்து கத்தினேன். பிறகு எங்கள் பிரிட்ஜ் கதவைப் பார்த்தேன். நீர் போவதற்கு முந்தி நாங்கள் ஒட்டிய துண்டுகள் அப்படியே இருக்கின்றன. "குப்பை வியாழன்." "பல் டொக்டர் நாலு மணி." கடைசித் துண்டு என்னுடையது: "சீனி முடிஞ்சுது."

புத்தகம் நல்லாயிருக்கிறது, கஜந்தினி. மேடையில் மைக் பிடித்தவன் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

கதை 1912இல் நிற்கிறது. அவர்கள் பிறகு கதைத்தார்களா? ஆர் முதலில் வாய் திறந்தது? ஐந்தாம் அத்தியாயத்தை அனுப்ப வேண்டாம். வந்து சொல்லும். விமான நிலையத்துக்கு வருவேன். பகிடி விடாமல் வருவேன்.

இத்தனை காலத்துக்குப் பிறகு தபாலில் ஏன் கடிதம் என்று யோசிப்பீர். வாட்ஸப்பில் ஓரம் கிடையாது. இந்தத் தாளின் இடது பக்கத்தைப் பாரும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளும்.

உமது,
இரவிச்சந்திரன்

(ஓரத்தில், பென்சிலால்)
பிழை என்னுடையது. நீர் தொடங்கும், நான் பின்னால் வாறன்.