கொழும்பில் மாட்டிய தோணி

ஏப். 9, 1971. பெரிய வெள்ளி.
வெயில் மண்டையைப் பிளக்குது. ஒருசந்தி நோன்பு வேற. தலைவலி.
கொழும்புல ஊரடங்காம். அரசாங்கத்தை எதிர்த்து வாலிபப் பயலுவ துப்பாக்கி தூக்கிட்டானுவ, ரேடியோவுல சொல்லுதான். தம்பி சூசையோட தோணி அங்கனதான் நிக்கி. இங்கேருந்து கொண்டுபோன சரக்கைப் போன வாரமே இறக்கியாச்சு, திரும்பி வரக் காத்தும் தோதா இருந்திருக்கு. பெரிய வாரத்துல பாய் விரிக்கக் கூடாதுன்னு நிறுத்தி வச்சானாம். பக்தி முத்திப்போச்சு. இப்ப கெடக்கட்டும்.
கெடக்கட்டும்னு எழுதியிருக்கக் கூடாது. மாதாவே.

ஏப். 15, வியாழன்.
கொழும்பு அரசாங்கம் உதவி கேட்டதால நம்ம நாடும் இன்னும் சில நாடும் போயிருக்காம். கடல் பூரா காவல் கப்பல்.
சாயங்காலம் வீட்ல இவுகளும் ரெண்டு வக்கீல் சிநேகிதரும். இது கூட்டுத் தற்காப்பா (ஒரு நாட்டைத் தாக்கினா இன்னொண்ணு துணைக்குப் போறதாம்) இல்லையான்னு வாதம். இவுக: "வெளியாள் தாக்கினாத்தான் தற்காப்பு. இது உள்வீட்டுச் சண்டை. ஆனா அரசாங்கம் கூப்பிட்டா அடுத்த நாடு போகலாம்." மூணு தடவை காப்பி. சூசையைப் பத்தி ஒருத்தர் வாயத் தொறக்கல. கேட்டதுக்கு, "அது வேற விஷயம்"ங்காக. வேற விஷயமாம்!
வாங்க: சீனி, மண்ணெண்ணெய், மெழுகுவத்தி (கோயிலுக்கு).

ஏப். 19, திங்கள்.
தோணி கிளம்பிட்டுன்னு தந்தி. அடுத்த பயம். சாம்பக் கலர்ல கப்பலைக் கண்டாலே சுங்கக்காரன்னு ஓடுற கூட்டம் இந்தத் தோணிக்காரனுவ. நாலு சோப்பு, ஒரு நைலான் சேலை ஒளிச்சு வச்சிருப்பான். சேலை எனக்கு. இப்ப ஓடினா காவல் கப்பல்காரன், சண்டைக்கு ஆயுதம் கடத்துறான்னுல்லா நெனப்பான்.

ஏப். 22, வியாழன்.
வந்துட்டான். கறுத்துப்போய், கண்ணு உள்ள போய். கட்டிப்பிடிச்சு அழுதேன், அப்புறம் ஏசினேன்.
நெனச்ச மாதிரியே ஓடியிருக்கான், மடையன். கப்பல்காரன் வெரட்டி, விளக்கடிச்சு, தோணியைக் கொடஞ்சு பாத்துட்டு விட்டிருக்கான். "எந்த நாட்டுக்காரன்னே தெரியலக்கா. சேலையைக் கடல்ல போட்டுட்டேன்." பாழாப்போன சேலை.
இவுக கேட்ட முதல் கேள்வி: "மறிச்சது கொழும்புக்காரன் கடல் எல்லைக்கு உள்ளயா, வெளியயா?" சோத்துக் கரண்டியால ஒண்ணு போடலாம்னு வந்துது.
சூசை, கொழும்புல பட்டாளத்தான் அந்த வாலிபப் பயலுவளக் கையக் கட்டி லாரியில ஏத்திட்டுப் போனதைச் சொன்னான். மீசை மொளைக்காத பயலுவளாம். இவுக மறுபடி ஆரம்பிச்சாக, அரசாங்கம் கூப்பிட்டா அடுத்த நாடு வரலாம், சட்டத்துல எடமிருக்குன்னு.
சூசை: "சரி அத்தான். அந்தப் பயலுவ கூப்பிட்டா யாரு வருவா?"
இவுக குழம்பு கேட்டாக. ஊத்தினேன்.