வலம் மட்டும் வந்த வண்டி

திருவண்ணாமலை,
ஐப்பசி, ஞாயிறு காலை.

அன்பு மகள் வர்ஷாவுக்கு அப்பா எழுதுவது. அருகன் அருளால் நானும் உன் அம்மாவும் உடலில் ஒரு குறையுமின்றி இருக்கிறோம். ஸ்வீடனின் அந்தக் குளிரிலும் நீ அவ்வாறே இருக்கிறாய் என்று நம்பியே இதைத் தொடங்குகிறேன். வெள்ளிக்கிழமை மாலை தொலைபேசியில் உன் அம்மா முந்திக்கொண்டு பேசிவிட்டாள். அவள் சொன்னதில் முடிவு இருந்தது, முடிவுக்கான காரணங்கள் இல்லை. பாதி ஆவணங்களை வைத்துக்கொண்டு எந்த வழக்கையும் நடத்த முடியாது என்பது உனக்குத் தெரியும். ஆகவே நீ ஏற்கனவே அறிந்த சங்கதிகளையும் சேர்த்து வரிசையாக எழுதுகிறேன். பத்திரமாக வைத்துக்கொள்.

நீ கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது கீழ்பென்னாத்தூரில் ஒரு மணிலாக் கடலை மண்டியின் பின்புறக் கொட்டகையிலிருந்து அந்த அறுபத்தெட்டாம் ஆண்டு அம்பாசிடரைக் கயிறு கட்டி இழுத்து வந்தபோது நான் எதிர்த்தேன். மாணவிக்குக் கார் எதற்கு என்பதற்காக அல்ல. அதன் பதிவு விவரங்கள் ஒழுங்காக இல்லை என்பதற்காக. நீயும் மெக்கானிக் தருமனும் நம் வீட்டு முற்றத்தில் என்ஜினைப் பிரித்துப் போட்டு, ஓராண்டில் அதை உயிர்ப்பித்தீர்கள். முன்பக்கச் சஸ்பென்ஷன் மட்டும் மிச்சம் நின்றது. வண்டியின் நீளவாக்கில் கிடந்து, முறுக்கிக்கொண்டு சக்கரத்தின் அதிர்ச்சியைத் தாங்கும் அந்த இரண்டு டார்ஷன் கம்பிகளில் ஒன்று தளர்ந்துபோயிருந்தது, மற்றொன்று முறிந்திருந்தது. வண்டி முன்னங்காலை மடித்துப் படுத்த மாடு போலக் கிடந்தது. அந்த நிலையில்தான் உனக்கு ஸ்வீடனில் கார்களைச் சோதிக்கும் வேலை கிடைத்து விமானம் ஏறினாய். ஏறுவதற்கு முன் நமக்குள் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. வண்டி என் பெயரில் இருக்கும், நான் பார்த்துக்கொள்வேன். ஆனால் இந்த ஆண்டு பதிவைப் புதுப்பிக்கும் சோதனையில் அது தேற வேண்டும். தேறாவிட்டால் செங்கம் சாலையில் ஆசிரமத்துக்கு அருகே காபிக் கடை வைத்திருக்கும் கோபிக்கு விற்றுவிடுவேன். கோபி அதைக் கடை வாசலில் நிறுத்தி, பானெட்டை வெட்டி, உள்ளே மண் கொட்டிப் பூச்செடி வளர்க்கப் போவதாகச் சொல்லியிருந்தான். வெளிநாட்டுக்காரர்கள் நின்று படம் எடுப்பார்களாம். நீ அதைக் கேட்டு முற்றத்துக்குப் போய் பானெட்டை ஒருமுறை தடவிவிட்டு வந்து, சரி என்றாய். நிபந்தனையை விதித்தவன் நான்தான் என்றாலும், அதை நான் மறக்கவில்லை.

எதைப் போடுவது என்பதில் மூன்று வழிகள் இருந்தன. வேலூர் சாலையில் புதிதாகப் பட்டறை போட்டிருக்கும் விமல்ராஜ், பழையதை மொத்தமாக அறுத்தெடுத்துவிட்டு ஒரு புதுக் காரின் முன்பாகத்தை, காயில் ஸ்பிரிங்கோடு சேர்த்து, வைத்துவிடலாம் என்றான். 'சார், நீங்க கண்ண மூடிட்டு எங்கிட்ட வுடுங்க, பஞ்சு மெத்தையில போற மாதிரி போவும்' என்றான். கண்ணை மூடிக்கொண்டு நான் எதையும் யாரிடமும் விட்டதில்லை. உற்பத்தியாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் ஐம்பத்திரண்டாம் பிரிவு. அதைப் படித்துக் காட்டினேன். அவன் 'அதெல்லாம் யாரு சார் பாக்கறா?' என்றான். நான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். நீயும் தொலைபேசியில் அது வேண்டாம் என்றாய், வேறு காரணத்துக்காக. முன்பக்கத்தை மட்டும் புதிதாக்கினால் பின்பக்கம் அதோடு ஒத்துப்போகாது என்றாய். இரண்டாவது வழி, உடைக்க வந்த இன்னொரு பழைய அம்பாசிடரிலிருந்து கழற்றிய அசல் கம்பிகள். மூன்றாவது, அதே அளவில் கோயம்புத்தூர்ப் பட்டறை ஒன்றில் புதிதாகச் செய்து தருவது. நீ மூன்றாவதைச் சொன்னாய். நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். இருபத்தைந்து ஆண்டுகளாக உரிமையியல் நீதிமன்றத்தில் நிற்பவன் நான். மூலப் பத்திரம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும்போது நகலைத் தேடிப் போவது என் இயல்பில் இல்லை. நீ வாதாடவில்லை. 'உங்க இஷ்டம்ப்பா, ஆனா மாட்டி ஓட்டிப் பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க' என்று மட்டும் சொன்னாய்.

ஆவணியில் தருமன் அந்த அசல் கம்பிகளை மாட்டி முடித்தார். கூட்டமில்லாத ஒரு நாளாகப் பார்த்து, விடியற்காலையில் நானும் அவரும் மலையைச் சுற்றி வந்தோம். அடி அண்ணாமலை வளைவில்கூட ஒரு முனகல் இல்லை. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாலும் நேராகப் போயிற்று. அடுத்த ஞாயிறு உன் அம்மாவை ஏற்றிக்கொண்டு போளூர் வழியே திருமலை ஜிநாலயத்துக்குப் போய்வருவது என்று அங்கேயே தீர்மானித்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் உனக்கு நடந்ததை முறைப்படி அறிவித்தேன். நீ கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: 'எந்தப் பக்கமா சுத்துனீங்கப்பா?' நான் தொலைபேசியை ஒலிபெருக்கியில் வைத்திருந்தேன். தருமன் சிரித்துவிட்டார். உன் அம்மா அடுப்படியிலிருந்து, 'ஊரு மறந்துபோச்சாடி ஒனக்கு?' என்றாள். சுற்றுவதற்கே வலம் வருதல் என்று பெயர் வைத்துவிட்ட மொழி நம்முடையது. மலைவலம் சமணரான நம் குடும்பத்துக்குக் கடமையில்லைதான். ஆனாலும் ஜிநாலயத்தையும் நாம் வலமாகத்தானே வருகிறோம்? இந்த ஊரில் ஸ்டியரிங் பிடிக்கும் எவருக்கும் மலை வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும் என்பது சிந்தித்துச் செய்வதில்லை. நீ சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாய்: வண்டி வலப்பக்கம் திரும்பினால் பாரம் இடச் சக்கரத்தின்மேல் சாயும், இடப்பக்கம் திரும்பினால்தான் வலச் சக்கரத்தின்மேல் சாயும், மலையை ஒரு சுற்று வந்தால் திருப்பமெல்லாம் பெரும்பாலும் வலத்திருப்பம். 'வலது சக்கரம் டிக்கெட் வாங்காமயே வந்திருக்குப்பா. அத விசாரிக்காம அம்மாவ ஏத்தாதீங்க.' எனக்குப் புரியும் மொழியில் சொல்வதானால், நான் வழங்கியது ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. எதிர்த்தரப்பு மன்றத்துக்கே அழைக்கப்படவில்லை.

மறுமுறை இடமாகச் சுற்றிப் பார்ப்போமா என்று தருமனிடம் கேட்டேன். அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். 'சார், வேற எங்க வேணா ஓட்டிக் காட்றேன். மலைய மட்டும் அந்தப் பக்கமா சுத்தச் சொல்லாதீங்க, எங்க வூட்ல எனக்கு சோறு போட மாட்டாங்க' என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, எனக்கும் அப்படிச் சுற்ற மனம் வரவில்லை. மலை எதற்கு, இடப்பக்கம் திரும்ப ஒரு மைதானம் போதும் என்று நீ சொன்ன பிறகுதான் எங்கள் இருவருக்கும் மூச்சு வந்தது. கீழ்பென்னாத்தூரில் அறுவடை முடிந்து காலியாகக் கிடந்த நெற்களம் ஒன்றை, உரியவரிடம் அனுமதி பெற்றுக்கொண்டு, தேர்ந்தோம். முதலில் வலமாகச் சுற்றினோம், சத்தமில்லை. பிறகு தருமன் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்து வேகத்தைக் கூட்டினார். வலது முன்சக்கரத்தருகே 'டக்' என்று ஒன்று கேட்டது. மறுபடி சுற்றினோம், மறுபடி 'டக்'. களத்தைக் காவல் காக்கும் ஜோதியம்மாள் துடைப்பத்தோடு வந்து நின்று, 'இன்னா வக்கீல் சாரு, நெல்லே இல்லாத களத்துல கார வுட்டு போரடிக்கிறீங்க?' என்று கேட்டார். ஆமாம் அம்மா, பதர் எது மணி எது என்று பார்க்கிறோம் என்றேன். 'பாத்து, மழை வர்றதுக்குள்ள தூத்திக்கினு போங்க' என்றார் அவர், சிரிக்காமல். அங்கேயே ஜாக்கி வைத்துக் கழற்றினோம். வலக் கம்பியின் முனையில், பல் வெட்டியிருக்கும் இடத்தில், தலைமயிர் அளவுக்கு ஒரு விரிசல் ஓடியிருந்தது. துருவைத் தேய்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது: அது வலக் கம்பியே அன்று. உடைத்த வண்டியிலிருந்து கழற்றியவர்கள் இடது எது வலது எது என்று பாராமல் கட்டியிருக்கிறார்கள். முனையில் இடம், வலம் என்று குறித்த எழுத்தைத் துரு மூடியிருந்ததால் நாங்களும் மாற்றிப் போட்டிருக்கிறோம். வாழ்நாளெல்லாம் ஒரு பக்கமாக முறுக்கிப் பழகிய கம்பியை எதிர்ப்பக்கமாக முறுக்கினால் அது தாங்காது என்று நீ விளக்கினாய். போளூர்ச் சாலையில் உன் அம்மா பக்கத்தில் அமர்ந்திருக்க அது முறிந்திருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன். அன்று மாலை நான் சாப்பிடவில்லை. பொழுது சாய்ந்துவிட்டது, நம் நியமப்படி இனி உண்ணக் கூடாது என்று உன் அம்மாவிடம் சொல்லி வைத்தேன்.

அப்போதும் வேறு ஓர் அசல் ஜோடியைத் தேடலாம் என்றுதான் நான் சொன்னேன் என்பதை நீ நினைவு வைத்திருப்பாய். அதற்கு நீ சொன்ன பதில் இதுவரை எனக்கு எதிராக வாதாடிய எந்த வழக்கறிஞரும் சொல்லாதது. 'அப்பா, மூலப் பத்திரம் அழிஞ்சு போச்சுன்னா உங்க கோர்ட்ல என்ன பண்ணுவீங்க? சான்றிட்ட நகல் செல்லும்னு நீங்கதான சொல்லுவீங்க? இதுவும் அதான். சான்று வாங்கற வேல என்னோடது.' சரி, கோயம்புத்தூரிலேயே செய்யச் சொல் என்றேன். தோற்றதில் இவ்வளவு மகிழ்ச்சி உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. கோயம்புத்தூர்ப் பட்டறைக்காரரிடம் நீயே பேசினாய். எந்த எஃகு, எவ்வளவு சூட்டில் பதப்படுத்துவீர்கள், அனுப்புமுன் எந்தத் திசையில் எத்தனை முறை முறுக்கிப் பார்ப்பீர்கள் என்று கேட்டாய். 'அதெல்லாம் நல்லாத்தான் இருக்கும், பாத்துக்கலாம்மா' என்று தொடங்கிய மனிதர், அழைப்பு முடியும்போது 'சரிங்க மேடம்' என்றார். நான் அருகில் இல்லை, அவரே பிறகு என்னிடம் சொன்னார். கம்பிகள் சோதனைச் சான்றோடு வந்தன. இடம், வலம் என்று முனையில் ஆழமாகப் பொறித்திருந்தார்கள். தருமன் அதற்குமேல் வெள்ளைப் பெயிண்டால் இன்னொரு முறையும் எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சோதனைக்குக் கொண்டுபோனோம். விளக்கு, பிரேக், புகை எல்லாம் பார்த்த பிறகு ஆய்வாளர் தாமே ஓட்ட வேண்டும் என்றார். என்னை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். எத்தனையோ தீர்ப்புகளுக்காக எழுந்து நின்றிருக்கிறேன், அன்று ஓரத்திலேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். அவர் மைதானத்தில் எட்டுப் போட்டார், பள்ளத்தில் இறக்கி ஏற்றினார், திரும்பி வந்து இறங்கிக் கதவை மெல்லச் சாத்தினார். 'முன்பக்கம் யாரு வேல பாத்தது?' என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் தருமன், 'கை என்னுது சார், மூள ஸ்வீடன்ல கீது. இவரு பொண்ணு' என்றார். ஆய்வாளர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'குடுத்து வச்சவரு சார் நீங்க' என்று சொல்லிக் கையொப்பமிட்டார். பெருமை என்ற சொல்லை நான் மனுக்களில் எழுதுவதில்லை, அதற்கு ஆதாரம் காட்ட முடியாது என்பதால். இம்முறை எழுதுகிறேன். ஆதாரம் வாசலில் நிற்கிறது. நேற்று உன் அம்மாவோடு திருமலைக்குப் போய்வந்தோம். போகும்போது கதவுக் கைப்பிடியை விடாமல் பற்றியிருந்தவள், திரும்பும்போது வழியெல்லாம் தூங்கிக்கொண்டு வந்தாள்.

இனி வீட்டுச் செய்தி. தீபத்துக்கு ஊர் இப்போதே நிறையத் தொடங்கிவிட்டது. நம் தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய குழியை இன்னும் மூடவில்லை, இரண்டு மனுக்கள் கொடுத்திருக்கிறேன். உன் அம்மா உனக்குப் பொடி வகைகள் இடித்து வைத்திருக்கிறாள், வருகிறவர் எவரிடமாவது கொடுத்தனுப்புவோம். அவளுக்கு ஒரு பெரிய கவலை: அங்கே இப்போது பிற்பகல் மூன்றுக்கே பொழுது சாய்கிறதாமே, பொழுது சாய்ந்தபின் உண்ணக் கூடாது என்ற நம் நியமத்தைப் பிடித்துக்கொண்டு நீ பட்டினி கிடப்பாயோ என்று. கோடையில் அங்கே இரவு பத்துவரை வெளிச்சம் உண்டென்பதையும் அவளுக்கு எடுத்துச் சொல்லி, இரண்டையும் சமன் செய்து, ஆண்டு முழுவதும் மாலை ஏழு மணிக்குள் உண்டால் நியமம் காக்கப்பட்டதாகவே கொள்ளலாம் என்று நான் தீர்ப்பளித்துவிட்டேன். மேல்முறையீடு இல்லை. வேளைக்குச் சாப்பிடு. பனியில் கார்களை ஓட்டிச் சோதிக்கும்போது உன்னோடு இன்னொருவர் இருக்கட்டும்.

சகல நலன்களும் பெற்று நீடு வாழ இருவரும் ஆசீர்வதிக்கிறோம். உன் கடவுச்சீட்டின் நகலையும் அங்குள்ள முகவரிச் சான்றையும் தவறாமல் அனுப்பு. நீ தைக்கு வரும்போது வண்டியை உன் பெயருக்கு மாற்றக் கையொப்பம் வேண்டும். நம் உடன்பாடு நிறைவேறியது, இனி அது என் பெயரில் இருக்க முகாந்திரம் இல்லை. கோபிக்கு வெள்ளியன்றே தகவல் சொல்லிவிட்டேன். 'இன்னா சார், செடிகூட வாங்கிட்டனே' என்று வருந்தினான். ஓடுகிற வண்டியில் செடி வளராதப்பா, வேறு தொட்டி பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன்.

இப்படிக்கு,
உன் அன்புத் தந்தை
ப. குணபாலன்