கோழி அடைகாத்த ஹெல்மெட்

மச்சான்,

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்தாறு வயதில், தொப்பை ஹாண்டிலில் முட்ட முட்ட, நான் ஹெல்மெட் போட்டுக்கொண்டு சைக்கிள் ஓடுகிறேன். கல்லடி ஊர் முழுக்கச் சிரிக்கிறது. அதுவும் உன்னுடைய ஹெல்மெட். வெயில் ஏறி உச்சந்தலை வியர்த்ததும் அதற்குள்ளிருந்து கோழிக்கூட்டு வாசம் கிளம்பும். அப்படி ஒரு வாசமே இல்லை என்கிறாள் என் மனைவி. இன்று காலையும் கிளம்பியது. அதுதான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பெற்றோல் கிடைக்காத அந்தச் சண்டைக் காலத்தில் மோட்டார் சைக்கிளை விற்றாய், ஹெல்மெட்டை விற்கவில்லை. மறுநாளே அதை மாட்டிக்கொண்டு சைக்கிளில் வேலைக்குப் புறப்பட்டாய். ஊர் சும்மா இருக்குமா? சொட்டை விழுந்துவிட்டது, மறைக்கிறான் என்றார்கள். ஒரு பெட்டையின் தமையன்மார் தேடுகிறார்கள், முகத்தைக் காட்டப் பயம் என்றும் ஒரு கதை உலாவியது. அந்த இரண்டாவது கதையைக் கிளப்பியவன் நான்தான். இப்போதாவது மன்னித்துவிடு.

பாலத்தடியில் ஆமி சோதிக்கும் சென்றியின் சட்டம் உனக்கு மறந்திராது. இரண்டு தார்ப் பீப்பாய்கள். முதலாவதில் சைக்கிளால் இறங்க வேண்டும். தொப்பி, துவாய், ஹெல்மெட், தலையில் என்ன இருந்தாலும் கழற்ற வேண்டும். மழை கொட்டினாலும் குடையை மடக்க வேண்டும். உருட்டிக்கொண்டு போய் இரண்டாவது பீப்பாயைத் தாண்டினால்தான் தலை மறுபடி நமக்குச் சொந்தம். நீ கழற்றி ஹாண்டிலில் கொழுவுவாய். ஆமிக்காரன் தேங்காய் வாங்குகிறவன்போல அதைத் தட்டிப் பார்ப்பான். ஒருநாள் தாண்டியதும் நான் தொடங்கினேன்.

“ஒரு நாளைக்கு நாலு தரம் கழட்டி மாட்டுற தலை இந்த மட்டக்களப்புலயே உன்ட ஒண்டுதான்டா. வெடி வந்தா உந்தச் சட்டி தாங்குமா?”

“வெடிக்கு ஆர் போட்ட? இது றோட்டுக்கு.”

“றோட்டு உன்ன என்னடா செய்யும்?”

நீ ஆஸ்பத்திரியில் காயம் கட்டுகிறவன். சிரிக்காமல் சொன்னாய்: “நீ அரசாங்கக் கச்சேரியில கடதாசி அடுக்குறவன், உனக்கென்ன தெரியும்? வெடிபட்டு வாறவனுக்குப் பின்னால ஊரே அழுதுகொண்டு வரும். சைக்கிளால விழுந்து மண்ட உடைஞ்சு வாறவனுக்குப் பின்னால ஒருத்தரும் வாறல்ல. ரெண்டு பேருக்கும் நான்தான் கட்டுறன்.”

அந்த நாட்களில் சாவுக்கும் தராதரம் இருந்தது. வெடியில் போனவனைப் பற்றி ஒரு கிழமை கதைப்போம், அதற்குள் அடுத்தவன் வந்துவிடுவான். வாவியில் மிதந்து வந்தவர்களைப் பற்றி வீட்டுக்குள்ளும் கதைக்கமாட்டோம். இதற்கிடையில் சைக்கிளால் விழுந்து சாவதென்பது எனக்குப் பகிடியாகத்தான் பட்டது.

ஒரு பின்னேரம் ஹெல்மெட்டை எங்கள் வீட்டில் மறந்துவிட்டுப் போனாய். அடைக்குக் கிடந்த கோழியைப் பத்து முட்டையோடு தூக்கி அதற்குள் இருத்தினேன். சிம்மாசனம் கிடைத்ததுபோல் அது அசையாமல் இருந்தது. காலையில் வந்து நின்றாய்.

“எங்கடா என்ட ஹெல்மெட்?”

“இருபத்தொரு நாள் பொறு மச்சான். உள்ளுக்கு ஆள் இருக்கு.”

கூட்டுக்குள் குனிந்தாய். கோழி கொத்த வந்தது. என் மனைவி ஓடிவந்தாள். “அண்ணன், நான் எழுப்பித் தாறன். இவருக்கு விசர்.”

“வேணா புள்ள, முட்ட பழுதாப் போயிரும். பொரிக்கட்டும், மறுகா எடுப்பம்.”

சிரித்துக்கொண்டே வெறுந்தலையோடு ஏறிப் போனாய். வழமையாக நானும் கூட வருவேன். அன்று வரவில்லை. இந்தப் பகிடியை அக்கம்பக்கத்துக்குச் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது வீட்டில் சொல்லிக்கொண்டு நிற்கும்போது பாலத்துப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது.

அந்த வெடியில் ஒருவருக்கும் காயமில்லை. சனம் சிதறி ஓடியதில் யாரோ உன்னை இடித்துவிட்டார்கள். விழுந்தாய். பின்மண்டை சீமெந்துக் கட்டின் விளிம்பில் அடிபட்டது. உடம்பில் வேறு ஒரு கீறல் இல்லை. ஆஸ்பத்திரிக்கு உன் பின்னால் நான் ஒருவன்தான் போனேன். உன்னோடு வேலை செய்தவர், “தலையில அது இருந்திருந்தா…” என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கோழியை எழுப்ப எனக்குத் துணிவு வரவில்லை. எட்டுக் குஞ்சு பொரித்தது. உன் முப்பத்தோராம் நாள் படையலுக்கு இலை போட்டபோது அவை முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்தன.

போன கிழமை பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம், என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சைக்கிளில் வரும் பிள்ளைகளுக்கு ஹெல்மெட் கட்டாயமா என்று வாக்குவாதம். “வெயிலுக்குள்ள பிள்ளைகள்ற மண்ட அவியும். இது சைக்கிளா, ஏரோப்பிளேனா?” என்றார் ஒரு தகப்பன். முப்பது வருசத்துக்கு முந்திய என் குரல். எழும்பி, உன் ஹெல்மெட்டை உயர்த்திப் பிடித்து, வழமையாக நான் சொல்லும் கதையைச் சொன்னேன். “இத நான் கோழிக்குக் குடுக்காம இருந்திருந்தா அவன் இண்டைக்கும் இருப்பான்.” தாய்மார் கண்ணைத் துடைத்தார்கள். அந்தத் தகப்பன்தான் முதலில் கை உயர்த்தினார். வேண்டும் என்றே முடிவாயிற்று.

ஒன்றை மட்டும் அங்கே சொல்லவில்லை, மச்சான். எங்கேயும் சொன்னதில்லை. அன்று உன் சைக்கிளை எடுத்து வந்தவன் நான். அது கிடந்தது இரண்டு பீப்பாய்களுக்கும் நடுவில். ஹெல்மெட் இருந்திருந்தாலும் அங்கே அது ஹாண்டிலில்தான் தொங்கியிருக்கும்.