அப்பா, நாங்கள் சயாமுக்குச் சுற்றுலா போகிறோம்

என் அன்பு அப்பாவுக்கு,

முதலில் கோபப்படாமல் கேளுங்கள். உங்கள் வருசத் திதி முடிந்த கையோடு, பள்ளி விடுமுறையில், நாங்கள் எல்லோரும் தாய்லாந்துக்குப் போகிறோம். உங்கள் வாயில் அது எப்போதும் சயாம்தான். அம்மா, அண்ணன் குடும்பம், என் குடும்பம். அம்மாவுக்குப் பாஸ்போர்ட் எடுத்தாயிற்று. படம் பிடிக்கும்போது சிரிக்கக் கூடாது என்றார்களாம். நான் எங்கே சிரித்தேன் என்று வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டார்.

ஊரைத் தேர்ந்தெடுத்தது பிள்ளைகள். அவர்களுக்கு யானை பார்க்க வேண்டும், மிதக்கும் சந்தை பார்க்க வேண்டும். மொழி தெரியாத இடத்தில் அம்மாவை வைத்துக்கொண்டு அலைய முடியாது, வழிகாட்டியோடு போகிற பயணம்தான் சரி என்று அண்ணன் சொன்னார். ஈப்போவில் ஒரு பயண அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த பெண் நம் தமிழ்ப் பெண்தான், பக்கத்துக் கோப்பெங் ஊர்க்காரி. எங்கள் குடும்பத்தில் யாரும் இதுவரை நாட்டு எல்லையைத் தாண்டியதில்லை என்று அண்ணன் அவளிடம் சொன்னார். ஒருவர் தாண்டியிருக்கிறார் என்பது அவருக்கு அந்த நேரத்தில் நினைவில் வரவில்லை.

அவள் ஒவ்வொரு நாளாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். கோயில்கள், சந்தை, யானை. அதற்கடுத்த நாள் ஆற்றுப் பாலம். பாலத்தில் நடக்கலாம், பிறகு மலையோரமாகப் பழைய ரயிலில் போகலாம். "ரொம்ப அழகா இருக்கும்லா அக்கா. அந்த வளைவுல ரயிலு மெதுவாப் போகும். எல்லாரும் எந்திரிச்சு நின்னு போட்டோ எடுப்பாங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அது நியாயமில்லாத கோபம், அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அம்மா மட்டும் மேசைமேல் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டே, "இந்த ரயிலா?" என்று மெல்லக் கேட்டார்.

அப்பா, உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப் போவதில்லை. ஆனால் நீங்கள் இதை ஒருநாளும் முழுதாகச் சொன்னதில்லை. அதனால் ஒரு தடவை நான் சொல்லிக்கொள்கிறேன். சுங்காய் பக்கத்து ரப்பர் எஸ்டேட். ஜப்பான்காரன் காலம். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட ஆட்கள் கூடி நிற்கும்போது லாரி வந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும், சீக்கிரம் திருப்பி அனுப்பிவிடுவோம் என்றார்கள். ஏறியவர்களில் தாத்தாவும் ஒருவர். நீங்கள் அப்போது பாட்டியின் வயிற்றில்.

சண்டை முடிந்து எஸ்டேட் லயத்து வீடுகளுக்குத் திரும்பியவர்கள் கொஞ்சம் பேர், அவர்களும் எலும்பும் தோலுமாக. தாத்தா காலராவில் விழுந்ததைப் பார்த்தேன் என்றார் ஒருவர். இல்லை, அதற்கப்புறமும் வேறொரு முகாமில் பார்த்தேன் என்றார் இன்னொருவர். அதே சமயத்தில் சிலிம் ரிவர் ஊர்ப் பக்கம் ஒருவர், கருமாதியெல்லாம் முடிந்தபிறகு உயிரோடு வந்து நின்றாராம். வாசலில் அவர் மனைவி வெள்ளைச் சேலையில் நின்றாளாம். அந்தக் கதைதான் நம் வீட்டைக் கட்டிப்போட்டது.

அதனால் நம் வீட்டில் தாத்தா சாகவில்லை. பாட்டி தாலியைக் கழற்றவில்லை. ஆடி அமாவாசைக்கு எல்லோரும் ஆற்றங்கரைக்குப் போவார்கள், நீங்கள் வீட்டிலேயே இருப்பீர்கள். கூட வேலை செய்தவர்கள் பஸ் பிடித்து, சயாம் எல்லையைத் தாண்டி ஹட்யாய் போய்விட்டு வருவார்கள், உங்களைக் கூப்பிட்டால் பேச்சை மாற்றுவீர்கள். அந்தப் பக்கம் போனால் என்ன தெரிந்துவிடும் என்று பயந்தீர்கள்?

உங்கள் பதினாறாம் நாள் காரியத்தில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். பண்டாரம் பிண்டம் பிடித்து வைத்தார். இறந்தவரை முன்னோரோடு சேர்க்க வேண்டும், வரிசையாகப் பெயர் சொல்லுங்கள் என்றார். அண்ணன் உங்கள் பெயரைச் சொன்னார். அடுத்து உங்கள் தாத்தாவின் பெயரைச் சொன்னார். நடுவில் ஒருவரை விட்டுவிட்டார்.

பண்டாரம் நிமிர்ந்து பார்த்தார். "அவரோட அப்பா பேரு? அவரு இருக்காரா?"

நூறு வயதைத் தாண்டியிருக்க வேண்டிய மனிதர். எனக்குச் சிரிப்புதான் வந்தது அப்பா. அவர் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று அண்ணன் குனிந்தபடியே சொல்லிவிட்டார். பண்டாரமும் அவரை விட்டுவிட்டுக் காரியத்தை முடித்தார்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. உங்களை நாங்கள் யாரோடு சேர்த்தோம்? உங்களுக்கு முன்னால் போன தகப்பன் இல்லை என்று நாங்களே சொல்லிவிட்டால், அங்கே உங்களை வா என்று கூப்பிட யார் இருப்பார்கள்?

இதெல்லாம் மனதில் ஓட, அந்தப் பெண்ணிடம் கேட்டேன், நம் ஆட்கள் கிடக்கிற இடத்துக்கு வழிகாட்டி கூட்டிப் போவாரா என்று. அவள் அங்கேயே அவருக்குப் போன் போட்டாள். வெள்ளைக்காரச் சிப்பாய்களின் இடுகாடு பட்டியலிலேயே இருக்கிறது, கல்லுக்குக் கல் பெயர் இருக்கும், புல்லெல்லாம் ஒழுங்காக வெட்டியிருக்கும் என்றாராம். நம் ஆட்களுக்கு ஒரு புத்தர் கோயில் வளாகத்தில் பொதுவாக ஒரு நினைவுச் சின்னம் உண்டாம். ஆள் பெயர் ஒன்றும் இருக்காதாம். ஆற்றங்கரையில் காரியம் செய்யலாமா என்று கேட்கச் சொன்னேன். கூட்டம் வருவதற்கு முன் என்றால் முடியும் என்றாராம். யாருக்குக் காரியம் என்று அவள் கேட்டதும் அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

வீட்டுக்கு வந்ததும் சண்டை. அண்ணன் சொன்னார், "அப்பா கடைசி வரைக்கும் செய்யல. அவரு போய்ச் சேர்ந்தப்புறம் நாம செஞ்சா, அவரு முதுகுக்குப் பின்னால செய்யிற மாதிரி." பாலத்தையே விட்டுவிடலாம், பிள்ளைகளுக்கு யானையைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடலாம் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதனால்தான் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவ்வளவு தூரம் போய், அவர் கிடக்கிற மண்ணுக்குப் பக்கத்தில் ஐஸ்கிரீம் தின்றுவிட்டு வரலாமா என்று கத்தினேன். உங்கள் படத்துக்கு முன்னால்தான் கத்தினேன், மன்னியுங்கள்.

அதுவரை கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா பேசினார்.

"எங்க மாமியாவ மஞ்ச பூசி, பொட்டு வச்சு, பூ வச்சுத்தான் அனுப்பினோம். லயத்துப் பொம்பளைங்க எல்லாத்துக்கும் தெரியும், அவரு என்னைக்கோ போயிட்டாருன்னு. ஒருத்தி வாயத் திறக்கல. உங்கப்பா போனப்ப நான் வாய்விட்டு அழுதேன். அந்த மனுசி புருசனுக்கு ஒரு நாளும் அழல. அழ விடல நாம. போதும்யா, செஞ்சிடு."

அண்ணன் எழுந்து வெளியே போய் நின்றார். திரும்பி வந்தபோது, எள்ளும் தர்ப்பையும் விமானத்தில் விடுவார்களா என்று மட்டும் கேட்டார்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் போன் செய்தாள். பயணத்தை மாற்றிவிட்டாளாம். அந்த நாள் விடியற்காலையில் நேராக ஆறு, அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம், வழிகாட்டி கூடவே இருப்பார். போனை வைக்கப் போனவள் வைக்கவில்லை. "அக்கா, எங்க வீட்லயும் ஒருத்தரு போனாராம். நேத்துதான் கேட்டேன். பேரு யாருக்கும் தெரியல. பேரு இல்லாமச் செய்யலாமா அக்கா?" பண்டாரத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டேன், செய்யலாம் என்றார்.

அப்பா, இப்போது உங்களிடம் நேராகச் சொல்கிறேன். யாராவது உங்களிடம் எப்போதோ சொல்லியிருக்க வேண்டும். தாத்தா இறந்துவிட்டார். நீங்கள் பிறப்பதற்கு முன்பா, பிறந்த பிறகா, அது தெரியாது. அவர் உயிரோடு இருக்கிறார் என்று நம்பிய அத்தனை வருசமும், அப்படியானால் ஏன் என்னைப் பார்க்க வரவில்லை என்ற கேள்வியையும் சேர்த்துத்தானே சுமந்தீர்கள்? இறக்கி வையுங்கள். அவர் உங்களை வேண்டாம் என்று விடவில்லை. அவரால் வர முடியவில்லை, அவ்வளவுதான்.

அன்று காலை அண்ணன் அந்த ஆற்றில் இறங்குவார். முதலில் உங்கள் அப்பாவின் பெயர், அதற்கடுத்து உங்கள் பெயர். இந்த முறை யாரையும் விடமாட்டோம். பாட்டி அழாததையும் சேர்த்து நாங்கள் அழுவோம். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் மகள்,
காலஞ்சென்ற காத்தமுத்துவின் பேத்தி,
தேவகி